கால்கோஃப்ளூர் சாயம் போட்டால் ஈஸ்ட் செல் சுவர் முழுக்க ஒளிர்கிறது. கழுத்து வளையம் மட்டும்தானே தெரிய வேண்டும்?

மொட்டுக்கழுத்து:
முதுகலை ப்ராஜெக்ட். பேக்கரி ஈஸ்ட்தான் (சாக்கரோமைசிஸ் செரிவிசியே), மரபணு எதுவும் நீக்காத வகை. கால்கோஃப்ளூர் வைட் (சுவரிலுள்ள கைட்டின் என்ற சர்க்கரைச் சங்கிலியில் ஒட்டி ஒளிரும் சாயம்) 5 நிமிடம், இரண்டு முறை கழுவல், யூவி வெளிச்சம். போன வாரம் பாடப்புத்தகப் படம் மாதிரியே வந்தது: மொட்டின் கழுத்தில் ஒரு வளையம், தாய்ச் செல்லில் முன்பு மொட்டுகள் பிரிந்த தழும்புகள். நேற்று அதே ஈஸ்ட், அதே சாயம், ஆனால் சுவர் முழுக்க நீலமாக எரிகிறது. தழும்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. கைட்டின் சுவர் எடையில் 1-2 சதவீதம்தான் என்று படித்தேனே?

கைடு, "கைட்டின் செய்யும் மரபணுவின் வெளிப்பாடு கூடியிருக்கும், ஆர்என்ஏ எடுத்துப் பார்" என்கிறார். கிட் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அதனால் முதலில் இங்கே கேட்கிறேன்.

குடுவைக்காரன்:
சாயம் தூக்கலாகப் போட்டிருப்பீர்கள். அளவு மீறினால் அது சுவரின் இன்னொரு சர்க்கரைப் பொருளான பீட்டா குளுக்கானிலும் ஒட்டும். செத்த செல்லாகவும் இருக்கலாம், அவை உள்ளேயும் சேர்ந்து ஒளிரும்.

மொட்டுக்கழுத்து:
உள்ளே இருட்டுதான் அண்ணா, சுவர் மட்டும்தான். சாயம் போன வாரம் கரைத்த அதே பாட்டில், அதே அளவு.

பழைய_ஆய்வகம்:
ஆர்என்ஏ கிட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஸ்லைடில் குட்டி மொட்டுகளை மட்டும் பாருங்கள். சாதாரணமாக வளரும் மொட்டின் சுவரில் கைட்டின் கிட்டத்தட்ட இருக்காது. பக்கச் சுவரில் சேர்வதெல்லாம் மொட்டு பிரிந்த பிறகுதான். உங்கள் படத்தில் மொட்டும் எரிகிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், ஈஸ்ட்டில் கைட்டின் செய்யும் நொதிகள் மூன்று. சிஎச்எஸ்2 தாய்க்கும் சேய்க்கும் நடுவில் தடுப்பு எழுப்புகிறது. செல் பிரிவு முடியும் தறுவாய் வரை அதை எண்டோபிளாஸ்மிக் வலையிலேயே (புரதம் தயாராகும் உள் சவ்வு வலை) பூட்டி வைத்திருக்கிறது செல். வேலை முடிந்ததும் சிதைத்தும் விடுகிறது. சிஎச்எஸ்1 பிரியும்போது விழும் ஓட்டையை அடைக்கும் கொத்தனார். 1986-ல் அந்த மரபணுவை நீக்கிப் பார்த்தபோது கைட்டின் குறையவே இல்லை. அதுவரை அதுதான் முக்கிய நொதி என்று நம்பியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

உங்கள் ஆள் சிஎச்எஸ்3. பெரும்பகுதிக் கைட்டின் அதன் கைவேலைதான்: வளையம், தழும்பு, பக்கச் சுவர் எல்லாம். இதன் அளவு செல் சுழற்சி முழுக்க அவ்வளவாக மாறுவதில்லை, மாறுவது இருக்கும் இடம். பாதி நேரம் கைட்டோசோம் என்ற உள் பைகளில் சும்மா கிடக்கும். வலையை விட்டு வெளியே வர சிஎச்எஸ்7 வேண்டும். புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்ஜியிலிருந்து செல்லின் வெளிச் சவ்வுக்கு ஏற எக்ஸோமர் என்ற புரதக் கூட்டம் வேண்டும். அப்புறம் சிஎச்எஸ்4, பிஎன்ஐ4 என்ற புரதங்கள் சேர்ந்து கழுத்திலுள்ள செப்டின் என்ற புரத வளையத்தோடு அதைக் கட்டிப் போட வேண்டும். அந்தக் கட்டு இருப்பதால்தான் நீங்கள் போன வாரம் வளையம் பார்த்தீர்கள்.

சுவருக்கு ஆபத்து என்றால் கதை வேறு. சூடு ஏறினால் ஆர்எச்ஓ1, பிகேசி1 என்ற சேதி கடத்தும் புரதங்கள் வழியாகச் சேதி போய், பைகளில் கிடக்கும் சிஎச்எஸ்3 சவ்வுக்கு வந்துவிடும். புதிதாக எதுவும் செய்யத் தேவையில்லை. ஆர்என்ஏவில் இது தெரியவே தெரியாது. குடுவையைக் குலுக்கி வளர்க்கும் ஷேக்கர் என்ன வெப்பநிலையில் இருந்தது?

மொட்டுக்கழுத்து:
மொட்டும் எரிகிறது அக்கா. ஷேக்கர் 30 டிகிரி செல்சியஸ் என்றுதான் எழுதப் போனேன். பதிவேட்டைப் பார்த்தால், முந்தின இரவு யாரோ பாக்டீரியாவுக்காக 39-ல் வைத்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். நான் பார்க்காமல் குடுவையை வைத்திருக்கிறேன் 🤦

குடுவைக்காரன்:
ஆஹா! சரி, நான் சாயத்தைக் குறை சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பழைய_ஆய்வகம்:
அவசரப்பட வேண்டாம், இன்னும் நிரூபணமாகவில்லை. ஒரே குடுவையை இரண்டாகப் பிரித்து 30-ல் ஒன்று, 39-ல் ஒன்று வையுங்கள். சாயமும் கேமரா எக்ஸ்போஷரும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். எக்ஸ்போஷரைத் தானியங்கியில் விட்டால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், நான் ஒரு மாதம் அதில் வீணடித்தேன். சிஎச்எஸ்3 நீக்கிய வகை யாரிடமாவது கிடைத்தால் மூன்றாவதாகச் சேருங்கள். அதில் வளையமும் தழும்பும் இருக்காது, நடுத்தடுப்பு மட்டும் மங்கலாகத் தெரியும். அதன் சுவரும் பளபளத்தால் சாயத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மொட்டுக்கழுத்து:
மூன்றும் செய்துவிட்டேன். 30-ல் வளையம் திரும்பி வந்துவிட்டது, மொட்டு இருட்டு. 39-ல் மறுபடி முழு நீலம். நீக்கிய வகை இரண்டு வெப்பநிலையிலும் மங்கல். கைடிடம் படங்களைக் காட்டினேன். கிட் ஆர்டரை நிறுத்திவிட்டார். இனி ஷேக்கர் மேல் ஒரு காகிதம் ஒட்டப் போகிறேன்.