ஏர்கான் சர்வீஸ்காரர் பழிவாங்கும் படம்: இரண்டாம் பாதியில் ஆளே மாறிவிடுகிறார், என்ன செய்யலாம்?

செம்பவாங்_திரை:

வணக்கம். சிங்கப்பூரில் எடுக்கும் 70 நிமிடப் படம். கையில் 18,000 வெள்ளி, 9 நாள் படப்பிடிப்பு. நாயகனுக்கு 52 வயது, ஏர்கான் சர்வீஸ் வேலை. குடித்துவிட்டு வண்டி ஓட்டி அவர் மகனைக் கொன்றவன் சிறைத்தண்டனை முடிந்து வந்து, தெம்பனிஸில் ஐந்தறை வீட்டில் மனைவி பிள்ளையோடு இருக்கிறான். நாயகன் தேடிக் கண்டுபிடிக்கிறார்.

முதல் பாதியைப் படித்த எல்லாரும் நம்புகிறார்கள். இரண்டாம் பாதியில் கேலாங் சந்தில் எதிரியின் நண்பர்கள் மூன்று பேரை அடித்துப் போடுகிறார், ஒரு துப்பாக்கி கிடைக்கிறது, அதோடு எதிரி வீட்டுக்குப் போகிறார். இங்கே வந்ததும் "இது வேற ஆளு" என்கிறார்கள். அந்தப் பகுதியை எடுத்தால் 20 நிமிடம் காலி. கடைசிக் காட்சி சிறையில் பிரம்படி.

காலி இடத்தை எதை வைத்து நிரப்புவது? ரத்தம், கத்தி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் எடுப்பது பற்றியும் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தோபாயோ_கதைவாசி:

கேலாங் சந்தை முதலில் தூக்குங்கள். மூன்று பேர் வரிசையில் நின்று, ஒருவர் வாங்கி முடித்ததும் அடுத்தவர் வருவதெல்லாம் நம் சினிமா நமக்குப் பழக்கிவிட்ட மரியாதை. பயிற்சி இல்லாத 52 வயதுக்காரர் முழு வேகத்தில் அரை நிமிடம் மல்லுக்கட்டினாலே மூச்சு வாங்கும், விரல் நடுங்கும், பூட்டில் சாவி நுழையாது. மூடிய கையால் தலையில் குத்தினால் முதலில் உடைவது பெரும்பாலும் சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் எலும்புதான். மறுநாள் அவர் ஸ்பேனர் பிடிக்க முடியாது. உங்கள் கதையில் மறுநாளும் வேலைக்குப் போகிறாரே?

ஏர்கான்காரருக்கு இந்த ஊரில் யாருக்கும் கிடைக்காத ஒரு வசதி உண்டு. எதிரியே கதவைத் திறந்து உள்ளே விடுவான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ், வாட்ஸ்அப்பில் நேரம் குறித்தால் முடிந்தது. கேட்டைத் திறந்து, "அங்கிள், குடிக்கத் தண்ணி வேணுமா?" என்று கேட்பான். உங்கள் 20 நிமிடம் அங்கேதான் இருக்கிறது.

மூன்று யூனிட் சாதாரண சர்வீஸ் என்றால் ஒன்றரை மணி நேரம் அந்த வீட்டில் நிற்கலாம். சோபாவை நகர்த்த வேண்டும், தரையில் துணி விரிக்க வேண்டும், முன்மூடியைக் கழற்றி ஃபில்டரை எடுத்துக் கழிவறையில் அலச வேண்டும், யூனிட்டைச் சுற்றிப் பை கட்டிக் உள்ளே இருக்கும் காயிலில் (குளிர்விக்கும் குழாய்ச்சுருளில்) தண்ணீர் அடிக்க வேண்டும், வடிகால் குழாயில் இருக்கும் அழுக்கை உறிஞ்சி எடுக்க வேண்டும். கூடத்து யூனிட், பெரிய படுக்கையறை யூனிட், அப்புறம் பிள்ளையின் அறை. ஏணி மேல் நிற்கும்போது கீழே சின்னப் பையன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பான். எதிரிக்கு இவரை அடையாளம் தெரியாது. பார்ப்பவர்களுக்குத் தெரியும். வசனமே வேண்டாம்.

இனி எது தப்பாகப் போகும் என்று யோசியுங்கள்.

செருப்பு. நம் ஊரில் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். காரியம் கெட்டால் வெறுங்காலில் ஓடுவார். வேலைக்காலணி கேட்டுக்கு வெளியே, குதிகால் ஒரு பக்கம் தேய்ந்தபடி அங்கேயே கிடக்கும். ‘ப்ளூ ரூயின்’ (2013) படத்தில் நாயகன் கொலை செய்த இடத்தில் கார் சாவியைத் தொலைத்துவிட்டு எதிரிக் குடும்பத்தின் வண்டியிலேயே தப்ப வேண்டியிருக்கும். அதே வகைத் தப்பு, உங்களுடையது முழுக்க இந்த ஊர்த் தப்பு.

வேலைச்சீட்டு. புளோக், வீட்டு எண், நேரம், அவர் பெயர் எல்லாம் கம்பெனியில் இருக்கும். அதனால் "யார் செய்தது" என்ற விசாரணைக் காட்சிகளே தேவையில்லை. இரண்டு நாள் படப்பிடிப்பு மிச்சம்.

உதவியாள். இந்த வேலைக்குப் பெரும்பாலும் இரண்டு பேர் போவார்கள். கூட வருபவர் வேலை அனுமதிச்சீட்டில் வந்த தஞ்சாவூர்ப் பையன் என்று வையுங்கள். நாயகன் பழிவாங்கினால் இவன் பிழைப்பும் போகும், ஊரில் வாங்கிய கடன் நிற்கும். "நீ வேனுக்குப் போய் கேஸ் சிலிண்டர் எடுத்துட்டு வா" என்று அவனை வெளியே அனுப்பும் அந்த ஒரு வரிதான் படத்தின் உச்சம் என்பேன். துப்பாக்கியெல்லாம் அதற்குக் கிட்டவே வராது.

சின்னப் பழியை வைத்தே முழுப் படம் ஓட்டலாம் என்பதற்கு ‘மகேஷிண்டெ பிரதிகாரம்’ (2016) இருக்கிறது. இடுக்கியில் ஸ்டூடியோ வைத்திருப்பவர், தெருவில் அடி வாங்கியதற்குத் திருப்பி அடிக்கும்வரை செருப்புப் போடுவதில்லை என்கிறார். அடித்தவனோ வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விடுகிறான். அவ்வளவுதான் முடிச்சு.

---

பவுடர்_டப்பா:

கத்தி, ரத்தம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சமையல் கத்தியில் பிடிக்கும் அலகுக்கும் நடுவே தடுப்பு கிடையாது. குத்துகிறவன் கை ஈரமாக இருந்தாலோ, நுனி எலும்பில் பட்டாலோ, கை முன்னால் வழுக்கி அவன் விரலையே வெட்டும். ஆகவே உங்கள் நாயகன் உள்ளங்கையில் கட்டோடுதான் அடுத்த காட்சிக்கு வர வேண்டும். பார்ப்பவர் நம்புவதற்கு இந்த ஒரு கட்டு போதும்.

ஆள்மேல் படும் ஷாட்டுக்கு ரப்பர் கத்தி, படாத ஷாட்டுக்குக் கூர் மழுக்கிய அலுமினியக் கத்தி. உள்ளே மடங்கும் ஸ்பிரிங் கத்தியை ஆள்மேல் வைத்து அழுத்தாதீர்கள், சிக்கிக்கொண்டால் அது நிஜக் குச்சிதான். நிஜக் கத்தி மேசைமேல் கிடக்கும் ஷாட்டுக்கு மட்டும், அதுவும் எடுத்து முடித்ததும் ஒரே ஆள் பொறுப்பில் பெட்டிக்குள்.

ரத்தம்: கார்ன் சிரப் 500 மில்லி, தண்ணீர் 80 மில்லி, சிவப்பு ஜெல் கலர் 2 தேக்கரண்டி, நீலம் ஒரே சொட்டு, கோக்கோ பவுடர் 1 தேக்கரண்டி. கோக்கோவைத் தண்ணீரில் முதலில் கரையுங்கள், நேராகச் சிரப்பில் போட்டால் கட்டி தட்டும். நீலம் இரண்டு சொட்டு ஆனால் கத்தரிக்காய் நிறம். சட்டைக்கு ஊற்றும் ரத்தத்தில் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் துவைக்கும்போது கறை சுலபமாகப் போகும். வாயில் வைக்கும் ரத்தத்தில் அது கூடாது, தனிப் போத்தல், பெரிய எழுத்தில் லேபிள்.

நிஜ ரத்தம் காய்ந்தால் பழுப்பாகும். சிரப் ரத்தம் மூன்று மணி நேரம் ஆனாலும் அப்போது வெட்டிய மாதிரியே மினுக்கும். "ஒரு மணி நேரம் கழித்து" என்ற காட்சிக்குக் கோக்கோ இரட்டிப்பு, கொஞ்சம் காப்பித்தூள் போட்டுத் தனிக் கலவை வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் சிரப் காயவும் காயாது, பிசுபிசுக்கும், அரை மணியில் எறும்பு வந்துவிடும். வீட்டுக்காரர் மொசைக் தரையில் ஊற்றும் முன் மூலையில் சோதித்துப் பாருங்கள், சுண்ணாம்பு இடுக்கில் சிவப்பு ஏறினால் போகாது.

அளவு: பெரிய ஆள் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். அதில் முக்கால் லிட்டர் வரை போனாலும் பலர் நின்று பேசுவார்கள். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் முகம் வெளுத்து, குளிர்வியர்வை, பேச்சுக் குழறல். தரையில் 200 மில்லியே பார்க்கப் பயங்கரமாகப் பரவும், வாளியோடு வந்துவிடாதீர்கள். ஒரே மாதிரிச் சட்டை குறைந்தது 4 வாங்குங்கள்.

தலையில் அடித்து ஆளை மணிக்கணக்கில் மயங்கவைக்கும் காட்சி இருந்தால் எடுத்துவிடுங்கள். அடியில் மயங்கியவர் பொதுவாகச் சில வினாடியில், மிஞ்சினால் சில நிமிடத்தில் விழிப்பார். அதற்கு மேல் போனால் அது மூளைக் காயம், ஆம்புலன்ஸ் கதை.

---

நகரமன்றக்_கடிதம்:

முதலில் பிரம்படி. 50 வயதுக்கு மேற்பட்ட ஆணுக்குச் சிங்கப்பூரில் பிரம்படி கிடையாது. உங்கள் நாயகனுக்கு 52. வயதை 48 ஆக்குங்கள், அல்லது கடைசிக் காட்சியை விடுங்கள். விடுவதே மேல். ஆபத்தான ஆயுதத்தால் காயம் விளைவித்தால் 7 ஆண்டு வரை சிறை, கொடுங்காயம் என்றால் ஆயுள் அல்லது 15 ஆண்டு வரை. கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். வெறும் கண்ணாடி, நாற்காலி, மொழிபெயர்ப்பாளர் என்று அந்தச் சின்ன நீதிமன்றக் காட்சியை ஒரே சுவரை வைத்து எடுத்துவிடலாம்.

துப்பாக்கி வேண்டவே வேண்டாம். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டாலே மரண தண்டனை, யார்மேலும் படாவிட்டாலும். சாதாரண ஏர்கான்காரர் கைக்கு அது வந்த விதத்தைச் சொல்லவே இன்னொரு படம் எடுக்க வேண்டியிருக்கும். பொம்மைத் துப்பாக்கியோடு பொது இடத்தில் எடுப்பதும் தலைவலி.

வீட்டுக்குள் எடுக்க உரிமையாளர் சம்மதம். தாழ்வாரம், மின்தூக்கி முகப்பு, கீழ்த்தளம் எல்லாம் நகர மன்றப் பொறுப்பு, அங்கே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தேதி, நேரம், எத்தனை பேர், எந்த மாடி, என்ன கருவி என்று ஒரே பக்கத்தில் கொடுத்தால் பதில் சீக்கிரம் வரும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி எப்போதும் காலியாக இருக்க வேண்டும். விளக்குக் கம்பம் இரண்டு வைத்தாலே அது போய்விடும், ஆகவே விளக்கை வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாக அடியுங்கள்.

கத்தியோடு ஓடும் ஷாட்டைத் தாழ்வாரத்தில் எடுக்கும் முன் அக்கம்பக்க போலிஸ் நிலையத்துக்கும், அந்த மாடிக்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள். எதிர்ப் புளோக்கிலிருந்து பார்ப்பவருக்குக் கேமரா தெரியாது, கத்தி தெரியும், 999 அடிப்பார். எதிர்ப் புளோக்கின் கீழேயும் அறிவிப்பு ஒட்டச் சொல்வது அதனால்தான். கதறும் காட்சியை இரவு பத்தரைக்கு முன் முடியுங்கள்.

மாலை வெளிச்சம் நம்பி எதையும் எழுதாதீர்கள். ஏழேகால் வாக்கில் சூரியன் போனால் இருபது நிமிடத்தில் இருட்டு. மூன்று டேக்குக்கு மேல் கிடைக்காது.

---

ஒலிக்காரன்_ஈசூன்:

கதைவாசி அண்ணன் சொன்னதற்கு ஒரே ஓர் எச்சரிக்கை. வேலை விவரம் நல்லது, ஆனால் கேஸ் சிலிண்டர், ஃபிளேரிங் டூல் (குழாய் முனையை விரிக்கும் கருவி) என்று ஒவ்வொன்றும் ஆயுதமாக மாறினால் ஏர்கான் தொழிலே அவருக்கு மந்திரசக்தி ஆகிவிடும். அதுவும் ஹீரோத்தனம்தான், மேலே சீருடை மாட்டியிருக்கிறது, அவ்வளவே. கருவிகளை வேலைக்கு மட்டும் பயன்படுத்தட்டும். குத்துவதானால் அந்த வீட்டு அடுப்படியில் கிடக்கும் பழக்கத்தி போதும்.

ஒலி: அடிக்குச் சினிமா "டிஷ்யூம்" போட்டால் மேலே பேசியதெல்லாம் வீண். உடம்பில் விழும் நிஜ அடி மந்தமான சத்தம், அதைவிடச் சட்டை உரசலும் மூச்சும் பெரிதாகக் கேட்கும். ஈரத்துணியைச் சுருட்டிச் சோபா மெத்தையில் அடித்துப் பதிவு செய்யுங்கள்.

வேடிக்கை என்னவென்றால் ஏர்கான் படத்தில் ஏர்கானைப் போடவே முடியாது. பேச்சுக் காட்சியில் யூனிட்டும் மின்விசிறியும் நிறுத்தம், ஜன்னல் மூடல். பத்து நிமிடத்தில் எல்லார் சட்டையும் நனையும், ஷாட்டுக்கு ஷாட் வியர்வை மாறும். ஏர்கான் பழுதாகி நாலு நாள் ஆச்சு என்று கதையிலேயே வைத்துவிடுங்கள். எல்லாரும் முதல் ஷாட்டிலிருந்தே நனைந்திருக்கலாம். தண்ணீர் அடிக்கும் பம்ப் சத்தத்தைத் தனியாக இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். அது ஓடும்போது வீட்டில் யாருக்கும் எதுவும் கேட்காது, பம்ப் நின்றதும் பையன் வாய்ப்பாடு சொல்வது கேட்கும்.

---

செம்பவாங்_திரை:

நன்றி அண்ணன்மாரே. கேலாங், துப்பாக்கி, பிரம்படி மூன்றும் போச்சு. 9 நாளில் 5 நாள் ஒரே வீட்டில் முடியும்போல இருக்கிறது. ஒரு சந்தேகம்: ஏர்கான் பழுது என்றால் சர்வீஸ் முறை மாறுமா? ஒன்றரை மணி நேரம் தாங்குமா?

---

தோபாயோ_கதைவாசி:

ஒலிக்காரன் தம்பி சொன்னது சரி, கருவி எதுவும் ஆயுதமாக வேண்டாம். சிலிண்டர் பையனை அனுப்பும் சாக்காக மட்டும் இருக்கட்டும்.

பழுது என்றால் நேரம் கூடும். குளிரவில்லை, தண்ணீர் ஒழுகுகிறது என்று கூப்பிட்டதாக வையுங்கள். கெமிக்கல் வாஷ் (ரசாயனம் போட்டுக் கழுவும் வேலை) ஆகிவிடும், ஒரு யூனிட்டுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும், பாகம் பாகமாகக் கழற்றிக் கழிவறையில் பரப்பியிருப்பார். அந்த நிலையில் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பவும் முடியாது. நடிகரை இரண்டு நாள் ஒரு சர்வீஸ் வேனில் உட்காரவைத்து அனுப்புங்கள், முன்மூடியைக் கழற்றும்போது கிளிப் உடையாமல் அழுத்தும் இடம் கைக்குப் பழகட்டும். காலணி இரண்டு ஜோடி வாங்கி, இரண்டையும் ஒரே பக்கம் தேய்த்து வையுங்கள்.