பிரேக் பேட் மாற்றியது: புதுப்பிப்பு

கொல்லிமலை இறங்கும்போது என் பழைய ஸ்விஃப்டில் கருகல் வாடை வந்தது, பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கியது, கம்பெனி பேடை (சக்கரத்தோடு சுழலும் தட்டை அழுத்தி வண்டியை நிறுத்தும் பட்டையை) விட்டு வேறு போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன் அல்லவா? போட்டாயிற்று. முன்சக்கரங்களுக்கு செராமிக் பேட்.

முதல் இரண்டு நாள் ஒரே கிரீச் சத்தம். தெருநாய்கூடத் திரும்பிப் பார்த்தது. சக்கரத்தைக் கழற்றினால், பழைய பேடின் முதுகில் இருந்த மெல்லிய தகட்டை மெக்கானிக் புதியதில் மாட்டவே இல்லை. பேடை அழுத்தும் காலிப்பர் நகர உதவும் ஊசியும் (பின்) கிரீஸ் இல்லாமல் காய்ந்து கிடந்தது. தகட்டை மாட்டி, அந்த ஊசிக்கு உரிய கிரீஸ் தடவியதும் சத்தம் அடங்கியது. அப்புறம் ஆளில்லாத பைபாஸில் 60லிருந்து 20க்கு, வண்டியை நிறுத்தாமல், 10 தடவை வேகம் குறைத்துப் பேடைப் பழக்கினேன்.

ஆனால் மிதி அமுங்கியதற்குக் காரணம் பேடே இல்லை! மூன்று வருடமாக மாற்றாத பிரேக் ஆயில் டிக்காஷன் நிறத்தில் வந்தது. ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்துக் குமிழியாகிவிடும், அதனால்தான் மிதி அமுங்குகிறது. புது டாட் 4 ரக பிரேக் ஆயில் கொதிக்காமல் குறைந்தது 230 டிகிரி தாங்கும். ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கிவிடலாம்.

நேற்று மறுபடி அதே 70 கொண்டை ஊசி வளைவுகள், இந்த முறை இரண்டாம் கியரில். மிதி கடைசிவரை கெட்டியாக இருந்தது. வீலில் கறுப்புத் தூசியும் குறைவு. காலையில் போடும் முதல் பிரேக் மட்டும் கொஞ்சம் மந்தம்.