கிட்டாரைக் கையோடு கொண்டுபோவதா, பெட்டியில் போட்டு ஏற்றிவிடுவதா?

ஆறுகம்பி:
அடுத்த மாதம் விமானப் பயணம். நடுவில் ஒரு இடத்தில் இறங்கி இன்னொரு விமானம் மாற வேண்டும். கிட்டாரும் கூட வருகிறது. டிரெட்நாட் என்கிற பெரிய உடல்வாகு அகூஸ்டிக், ஒட்டுப்பலகை இல்லை, முழு மரம், பன்னிரண்டு வருடமாக என்னோடு இருப்பது. நல்ல மெத்தை வைத்த துணிப்பை, கிக் பேக், இருக்கிறது, தோளில் மாட்டிக்கொண்டு கேபினுக்குள் போய்விடலாம் என்பதுதான் திட்டம். கூட வாசிக்கும் ஒருவர், “பைத்தியமா உனக்கு, ஹார்ட் கேஸில் வைத்து லக்கேஜில் போடு” என்கிறார். இன்னொருவர், “லக்கேஜில் போட்டால் விறகாகத்தான் திரும்பி வரும்” என்கிறார். கொண்டுபோய்ப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

ஜன்னலோரம்:
கையை விட்டு இறக்காதீர்கள், அவ்வளவுதான். நான் முப்பது தடவைக்கு மேல் கிட்டாரோடு பறந்திருக்கிறேன். ஒருமுறைகூட ஹோல்டுக்கு, அதாவது கீழே லக்கேஜ் போகும் அறைக்கு, கொடுத்ததில்லை. ஏ320, 737 மாதிரி விமானங்களில் தலைக்கு மேலே இருக்கும் தட்டு நீளவாக்கில் போகும், கிக் பேக்கோடு படுக்கவைத்தால் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். சீக்கிரம் ஏறிவிட வேண்டும், அது முக்கியம். டேவ் கரோல் கதை தெரியும் இல்லையா? கனடாக்காரர். 2008ல் லக்கேஜில் போன அவருடைய டெய்லர் கிட்டாரை உடைத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் அலைந்தும் நஷ்டஈடு கிடைக்கவில்லை. மனிதர் 2009ல் அதையே பாட்டாக்கி யூடியூபில் போட்டார், உலகமே பார்த்தது. லக்கேஜில் போடச் சொல்கிறவர்கள் அதை ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.

பெட்டிக்காரன்:
முப்பது தடவை போனீர்கள், சரி. முப்பத்தோராவது தடவை கேட்டில் நிற்கும் பெண் “உள்ளே இடமில்லை சார், கொடுங்கள்” என்றால் என்ன செய்வீர்கள்? எனக்கு அது நடந்தது. எந்த நிறுவனம் என்பது வேண்டாம். உங்களைப் போலவே கிக் பேக், உங்களைப் போலவே நம்பிக்கை. விமானம் நிரம்பியிருந்தது, என் வரிசையை அழைத்தபோது மேலே தட்டெல்லாம் மூடியாகிவிட்டது. சண்டை போட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ஒரு லக்கேஜ் டேக்கைக் கட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இறங்கியதும் பையைத் திறந்தேன். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. கம்பி முறுக்கும் தலைப்பகுதியை, ஹெட்ஸ்டாக்கை, பிடித்துத் தூக்கினேன், கதவுக் கீல் மாதிரி அது மட்டும் மடங்கி வந்தது. தலை தொடங்கும் இடத்தில் கம்பிகளைத் தாங்கும் சின்னக் கட்டை இருக்கிறதே, நட்டு, அதற்குப் பின்னால் குறுக்கே பிளந்திருந்தது. முன்பக்கத்து மெல்லிய ஒட்டுத்தகடு மட்டும்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஹோல்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை. கேபினுக்கென்று தயார்செய்த கிட்டார் ஹோல்டுக்குப் போவதுதான் கெட்டது. துணிப்பை, கம்பிகள் முழு இறுக்கத்தில், உள்ளே ஒரு துண்டுகூடத் திணிக்கவில்லை. அன்றைக்கு ஹார்ட் கேஸில் இருந்திருந்தால் இந்த வாக்குவாதமே எனக்கு இல்லை.

ஜன்னலோரம்:
உங்களுக்கு நடந்ததற்கு வருத்தம்தான் அண்ணே. ஆனால் சட்டம் நம் பக்கம் இருக்கிறதே. அமெரிக்காவில் 2012ல் சட்டமாகி, 2015 மார்ச் முதல் விதியாகவே வந்துவிட்டது. கிட்டார் அளவுள்ள வாத்தியத்தைக் கைப்பையாக அனுமதிக்க வேண்டும், கைப்பைக்கு வழக்கமாக வாங்குவதற்கு மேல் கட்டணம் கேட்கக் கூடாது.

பெட்டிக்காரன்:
அதே விதியில் அடுத்த வரியையும் படியுங்கள் தம்பி. நீங்கள் ஏறும் நேரத்தில் தட்டில் இடம் இருந்தால் மட்டும். முதலில் வந்தவருக்கு முதலிடம். உங்கள் கிட்டாருக்காக வேறொருவரின் பெட்டியை இறக்க மாட்டார்கள். ஒரே நல்ல சங்கதி, நீங்கள் முதலில் வைத்துவிட்டால் பின்னால் வருகிறவருக்காக உங்களுடையதையும் எடுக்கச் சொல்ல முடியாது. அதுவும் அமெரிக்க விமான நிறுவனங்களுக்கான விதி. மற்ற இடங்களில் அந்தந்த நிறுவனம் வைத்ததுதான். கைப்பைக்குப் பல நிறுவனங்கள் சொல்லும் நீளம் 55 செ.மீ. பக்கம். டிரெட்நாட் பை இல்லாமலேயே ஒரு மீட்டரைத் தாண்டும். அளவுப்பெட்டியில் வைத்துப் பார்க்கச் சொன்னால் அங்கேயே கதை முடிந்தது.

கடைசிவரிசை:
நான் கிட்டார் வாசிப்பவன் இல்லை. தேடலில் இந்தத் திரி கண்ணில் பட்டது, படித்ததும் வயிறு எரிந்தது. நீங்கள் எல்லாம் முதலில் ஏறி நாலு பேர் பெட்டி வைக்கும் இடத்தில் ஒரு கிட்டாரைப் படுக்கவைத்துவிட்டு, அதன்மேல் ஒருவர் கோட்டு வைக்கப் போனால்கூட “பார்த்து, பார்த்து” என்று எழுந்து நிற்கிறீர்கள். என் பையை நான் பதினைந்து வரிசை தள்ளி வைத்துவிட்டு, எல்லோரும் இறங்கும்வரை காத்துக்கிடக்க வேண்டும். அவ்வளவு உயிர் என்றால் அதற்கும் ஒரு டிக்கெட் எடுங்கள்.

ஜன்னலோரம்:
எடுக்கலாம்தான், பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. போனில் கூப்பிட்டு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், ஜன்னல் சீட்டாக இருக்க வேண்டும், அவசர வழி வரிசையில் கூடாது, பெல்ட்டால் கட்ட வேண்டும். செலோ வாசிப்பவர்கள் காலங்காலமாக அப்படித்தான் போகிறார்கள். கிட்டாருக்கு அவ்வளவு தூரம் போக மனசு வரவில்லை. மற்றபடி உங்கள் கோபம் நியாயம்தான் சார், மறுக்க மாட்டேன். நான் வைத்தபிறகு மேலே மெத்தென்ற பைகளை வைக்கச் சொல்லிவிடுவேன், யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

கடைசிவரிசை:
நான் இருந்த விமானத்தில் நீங்கள் இல்லை போலிருக்கிறது.

உளியும்_பசையும்:
கிட்டார் பழுதுபார்ப்பது என் தொழில். இரண்டு கட்சியிலும் எனக்கு வாடிக்கையாளர்கள் உண்டு, அதனால் பொதுவாகப் பேசலாம்.

பயணத்தில் உடைந்து வருபவற்றில் பாதிக்கு மேல் ஒரே இடம், நட்டுக்குப் பின்னால். காரணம் எளிது. ஹெட்ஸ்டாக் பின்னால் சாய்ந்திருக்கிறது, சில மாடல்களில் 17 டிகிரி வரை. நேராகப் போகும் மர இழை அந்த இடத்தில் குறுக்காக வெட்டுப்படுகிறது. நெக் வளையாமல் இருக்க உள்ளே ஓடும் இரும்புத் தண்டு டிரஸ் ராட், பல கிட்டார்களில் அதைத் திருகுவதற்காக அங்கேயே குடைந்தும் வைத்திருப்பார்கள். ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுவையில் இருக்கிறது. இப்போது பெட்டி மல்லாக்க விழுகிறது என்று வையுங்கள். உடல் பெட்டியோடு நின்றுவிடும். அந்தரத்தில் தொங்கும் ஹெட்ஸ்டாக் நிற்காது, சாட்டை மாதிரி பின்னால் போகும். பெட்டியில் ஒரு கீறல்கூட இருக்காது, உள்ளே தலை போயிருக்கும். ஹார்ட் கேஸ் இருந்தால் கவலையில்லை என்று பெட்டிக்காரன் சொல்வதை அதனால்தான் நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செய்ய வேண்டியது: ஹெட்ஸ்டாக்குக்குக் கீழேயும் மேலேயும் பக்கங்களிலும் துணியைச் சுருட்டித் திணியுங்கள். தூக்கிப் பிடிக்கிற மாதிரி இறுக்கித் திணிக்க வேண்டாம், அசையாமல் இருந்தால் போதும். உடலின் அடிப்பக்கத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் அங்கேயும். கம்பிகளை ஒன்றிரண்டு சுரம் இறக்குங்கள்.

ஜன்னலோரம்:
கம்பியைத் தளர்த்தினால் டிரஸ் ராட் நெக்கைப் பின்னால் வளைத்துவிடும் என்பார்களே? ஹோல்டில் காற்றழுத்தம் இல்லாததால் இறுக்கமாக விட்டால் கம்பி அறுந்துவிடும் என்று வேறு ஒருவர் சொன்னார்.

உளியும்_பசையும்:
இரண்டாவது சுத்தக் கட்டுக்கதை. பயணிகள் விமானத்தில் கீழே ஹோல்டிலும் மேலே இருக்கும் அதே அழுத்தம்தான். நாய், பூனை எல்லாம் அங்கேதான் போகின்றன. முதலாவதில் கொஞ்சம் உண்மை உண்டு, அதனால்தான் ஒன்றிரண்டு சுரம் என்றேன். ஆனால் ஒரு நாள் பயணத்துக்கு முழுதாகத் தளர்த்தினாலும் நெக் ஒன்றும் ஆகிவிடாது. தளர்த்துவது அழுத்தத்துக்காக இல்லை, விழும்போது ஹெட்ஸ்டாக்கை இழுக்கும் பலத்தைக் குறைக்க.

கேபின்காரர்களுக்கும் ஒன்று. நீண்ட பயணத்தில் கேபின் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போகும். முழு மரக் கிட்டாருக்கு 45 முதல் 55 வரை வேண்டும். பையைத் திறக்காமல் வையுங்கள். ஹோல்டில் போட்டவர்கள் இறங்கியதும் ஆசையாகப் பெட்டியைத் திறக்க வேண்டாம். சில்லிட்ட கிட்டாரைச் சட்டென்று சூட்டில் எடுத்தால் பழைய லாக்கர் பூச்சு மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். சில மணி நேரம் மூடியே கிடக்கட்டும்.

பெட்டிக்காரன்:
ஹெட்ஸ்டாக் விஷயத்தில் தோற்றேன். திணிக்காமல் போட்டால் ஹார்ட் கேஸும் வெறும் பெட்டிதான்.

நஷ்டஈட்டையும் பார்த்துவிடலாம். சர்வதேசப் பயணங்களில் பெரும்பாலானவற்றுக்கு 1999ஆம் வருட மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். செக்-இன் செய்த பொருள் அவர்கள் பொறுப்பில் இருக்கும்போது சேதமானால், அவர்கள் தவறு என்று நீங்கள் காட்ட வேண்டியதில்லை. பொருளிலேயே இருந்த குறையால் சேதமானது என்றால் அவர்கள் தப்பிக்கலாம். கையோடு வைத்திருந்த பொருளுக்கு அப்படி இல்லை, அவர்கள் தவறு என்றால் மட்டுமே. உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1519 எஸ்.டி.ஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), 2024 டிசம்பர் 28 முதல். உங்கள் கிட்டாரின் மதிப்பு அதற்கு மேல் என்றால் செக்-இன் நேரத்திலேயே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டலாம். சேதத்தை ஏழு நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் எட்டாவது நாள் எழுதினேன்.

ஜன்னலோரம்:
கவுன்டரில் “உடையக்கூடியது, பொறுப்பேற்க மாட்டோம்” என்று ஒரு டேக்கில் கையெழுத்து வாங்குகிறார்களே, அப்புறம் என்ன ஒப்பந்தம்?

பெட்டிக்காரன்:
பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் நிபந்தனை செல்லாது என்று 26ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஆனாலும் மோசமாகக் கட்டியிருந்தீர்கள் என்று வாதாட அந்தக் கையெழுத்து அவர்களுக்கு உதவும். கொடுப்பதற்கு முன் கவுன்டரிலேயே பெட்டியைத் திறந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறுகம்பி:
இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம், என் கிட்டாரின் பின்பலகை ரோஸ்வுட். சுங்கத்தில் பிடிப்பார்களா?

உளியும்_பசையும்:
2017ல் ரோஸ்வுட் இனம் முழுவதையும் சைட்டஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் சேர்த்தபோது எல்லோரும் பயந்தார்கள். 2019 நவம்பரில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். பிரேசில் ரோஸ்வுட் மட்டும் வேறு கதை, 1992 முதலே கடுமையான பட்டியலில் இருக்கிறது, சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. பன்னிரண்டு வருடக் கிட்டார் என்றால் உங்களுடையது அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு. தயாரிப்பாளர் தளத்தில் மாடலைப் போட்டுப் பாருங்கள்.

ஆறுகம்பி:
பார்த்தேன், இந்திய ரோஸ்வுட்தான். அப்படியே இரண்டாவது விமானம் எது என்றும் பார்த்தேன். ஏடிஆர் 72.

ஜன்னலோரம்:
விசிறி வைத்ததா? அதில் மேல்தட்டு சின்னது. என் ட்ராலி பெட்டியையே கீழே வாங்கிக்கொண்டார்கள். இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் பெட்டிக்காரன் பக்கம் சாய்கிறேன். முதல் விமானத்துக்கு மட்டும் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆசை காட்டினாலும் கேட்காதீர்கள், இரண்டாவதில் துணிப்பையோடு மாட்டிக்கொள்வீர்கள்.

ஆறுகம்பி:
கேஸ் இரவல் வாங்கிவிட்டேன். கம்பியை இரண்டு சுரம் இறக்கினேன், ஹெட்ஸ்டாக்கைச் சுற்றி மூன்று டி-ஷர்ட், அடியில் ஒரு துண்டு. மூடி, நிமிர்த்தி வைத்து மெதுவாக ஆட்டிப் பார்த்தால் உள்ளே எங்கோ இன்னும் ‘டக்’ என்கிறது.

உளியும்_பசையும்:
நெக்குக்குக் கீழே இருக்கும் சின்ன அறையைத் திறந்து பாருங்கள். கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்பை, காப்போவை, அதிலேயே போட்டு வைத்திருக்கிறீர்களா?

ஆறுகம்பி:
காப்போ, ட்யூனர், கம்பி வெட்டும் கட்டர். மூன்றும் அங்கேதான்.

உளியும்_பசையும்:
மூன்றையும் எடுத்துத் துணிப்பெட்டியில் போடுங்கள். மூடி திறந்துகொண்டால் மேல்பலகையில் முதல் ஓட்டை போடுவது அந்தக் கட்டராகத்தான் இருக்கும். கைப்பையில் வைக்காதீர்கள், சோதனையில் வாங்கிக்கொண்டாலும் வாங்கிக்கொள்வார்கள்.

ஆறுகம்பி:
எடுத்துவிட்டேன். இப்போது சத்தம் இல்லை.