உருளைக்கிழங்கு பிரெட் நடுவில் வேகவே மாட்டேன் என்கிறது, அவசர உதவி

புது_அடுப்பு:
உருளைக்கிழங்கு பிரெட் இரண்டாவது தடவையும் சொதப்பிவிட்டது. மாவு நன்றாக உப்பியது, மேலே அழகாகச் சிவந்தும் வந்தது. வெட்டினால் நடுவில் ஒரே ஈரம், பசை மாதிரி கத்தியில் அப்பிக்கொள்கிறது. அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் காற்றறையே இல்லாமல் திண்ணென்று இருக்கிறது. செய்முறையில் சொன்னபடிதான் எல்லாம் போட்டேன். நாளை மாலை வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். என்ன தப்பு என்று யாராவது சொல்லுங்கள்.

நுரைமணி:
எந்தச் செய்முறை? கிழங்கு எவ்வளவு, மாவு எவ்வளவு, பால் எவ்வளவு? எத்தனை டிகிரியில் எத்தனை நிமிடம் வைத்தீர்கள்?

கல்சட்டி:
ஈஸ்ட்தான், சந்தேகமே வேண்டாம். கிழங்கை மசித்த சூட்டோடு மாவில் கொட்டியிருப்பீர்கள். 55, 60 டிகிரிச் சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும். எனக்கும் ஆரம்பத்தில் இப்படித்தான் ஆனது. மேலே தொட்டால் ஆறின மாதிரி இருக்கும், உருண்டைக்குள் விரலை விட்டால் சுடும். தட்டில் பரப்பி ஆறவிட்டு, வெதுவெதுப்பு மட்டும் மிச்சமிருக்கும்போது சேருங்கள்.

அந்திமல்லி:
மாவு நன்றாக உப்பியது என்கிறாரே கல்சட்டி, ஈஸ்ட் செத்திருந்தால் எப்படி உப்பும்? எனக்கு மிக்ஸி மேல்தான் சந்தேகம். புது_அடுப்பு, கிழங்கை மிக்ஸியில் அடித்தீர்களா? பிளேடு சுற்றுகிற வேகத்தில் கிழங்கின் செல்கள் கிழிந்து, உள்ளே இருக்கும் வெந்த மாவுச்சத்து வெளியே வந்துவிடும். அப்புறம் அது மசியல் இல்லை, கோந்து. கரண்டியில் எடுத்தால் கம்பி மாதிரி இழுபடும்.

தராசுமுள்:
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ தடவை வந்துவிட்டது. பழைய பதில்களைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. “செய்முறையில் சொன்னபடி” என்றால் எங்களுக்கு என்ன தெரியும்? பிரெட் என்பது எடைக் கணக்கு. கப்பையும் கண்ணையும் நம்புகிறவர்கள் முதலில் ஒரு தராசு வாங்கட்டும். அளவுகளை எழுதுங்கள், பிறகு பேசலாம்.

நெய்விளக்கு:
தராசுமுள் ஐயா, அவர் அவசரத்தில் எழுதியிருக்கிறார், கொஞ்சம் பொறுமையாகக் கேட்கலாமே. புது_அடுப்பு, ஓவனிலிருந்து எடுத்து எவ்வளவு நேரம் கழித்து வெட்டினீர்கள்?

புது_அடுப்பு:
மன்னிக்கவும், அளவுகள் எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன். மைதா 400 கிராம், வேகவைத்த கிழங்கு 300 கிராம், பால் 200 மில்லி, வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒன்றரைத் தேக்கரண்டி, சர்க்கரை, உப்பு. தராசு இருக்கிறது. மிக்ஸியில்தான் அடித்தேன். ஆறவைத்துத்தான் சேர்த்தேன். 200 டிகிரி, 25 நிமிடம், மேலே கருக ஆரம்பித்ததால் எடுத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் வெட்டினேன்.

அந்திமல்லி:
மிக்ஸி! சொன்னேன் இல்லையா.

நுரைமணி:
மிக்ஸியும் ஒரு காரணம்தான் அந்திமல்லி, ஆனால் இங்கே பெரிய விஷயம் தண்ணீர். பாலை மட்டும்தான் ஈரம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 300 கிராம் கிழங்கு என்றால் ஏறக்குறைய 235 கிராம் தண்ணீரை உள்ளே கொட்டியிருக்கிறார். 200 மில்லி பாலில் இன்னும் 175. இரண்டையும் கூட்டினால் மாவின் எடைக்கு மேலேயே போகிறது. சாதாரண பிரெட்டுக்கு 100 கிராம் மாவுக்கு 60, 65 கிராம் தண்ணீர் போதும். வெந்த மாவுச்சத்து கொஞ்சத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பதால் கிழங்கு பிரெட்டில் சற்றுக் கூடுதலாகப் போகலாம், ஆனால் இவ்வளவு தாங்காது.

புது_அடுப்பு, நாளைக்கு இப்படிச் செய்து பாருங்கள். மைதா 400 அப்படியே இருக்கட்டும். கிழங்கு 150 கிராம் போதும். தோலோடு முழுசாக வேகவைத்தால் தண்ணீர் குடிக்காது. உரித்து, கையால் மசித்து, வெறும் வாணலியில் சின்னத் தீயில் இரண்டு நிமிடம் புரட்டினால் ஆவி போகும். அது நின்று, வாணலி ஓரத்தில் மெல்லிய வெள்ளைப் படலம் ஒட்ட ஆரம்பித்தால் இறக்கலாம். அடுத்தது பால். 160 மில்லி அளந்து வைத்து, 130 மட்டும் முதலில் ஊற்றுங்கள். மாவு வறட்டு வறட்டென்றுதான் இருக்கும், பயந்து மேலே ஊற்றிவிடாதீர்கள். பிசையப் பிசையக் கிழங்கு தன் ஈரத்தை விடும், ஐந்து நிமிடத்தில் அதே மாவு தானாகத் தளரும். மிச்சப் பால் வேண்டுமா என்பதை அப்போது பாருங்கள். என் அனுபவத்தில் கிழங்கு பிரெட் கெடுவது பெரும்பாலும் இந்த ஐந்து நிமிடத்தில்தான்.

நெய்விளக்கு:
சூட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பால், சர்க்கரை, கிழங்கு மூன்றும் சேர்ந்தால் மேல்தோல் சீக்கிரம் சிவந்துவிடும். அந்த நிறத்தை வைத்து உள்ளே வெந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. 180 டிகிரியில் 40 நிமிடம் வையுங்கள். பாதியில் நிறம் ஏறிவிட்டால் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாகப் போட்டு மூடுங்கள். வெளியே எடுத்ததும் டின்னிலிருந்து கம்பித் தட்டுக்கு மாற்றி, குறைந்தது ஒன்றரை மணி நேரம் தொடாதீர்கள். சூடாக இருக்கும்போது மாவுச்சத்து இன்னும் இறுகியிருக்காது, நன்றாக வெந்த பிரெட்கூடக் கத்தியில் ஒட்டும்.

தராசுமுள்:
அடியில் தட்டிப் பார்த்தால் உள்ளே வெற்றிடம் இருப்பது போல் சத்தம் வரும். அதுதான் வெந்ததற்கு அடையாளம். நிமிடக் கணக்கெல்லாம் ஆரம்பநிலைக்காரர்களுக்கு.

அந்திமல்லி:
மொறுமொறு ஓடு இருக்கும் பிரெட்டுக்கு அது சரி. கிழங்கு பிரெட்டின் தோல் மெத்தென்று இருக்கும், வெந்த பிறகும் பெரிதாகச் சத்தம் வராது. நடுவில் வெப்பமானி குத்திப் பார்ப்பதுதான் நிச்சயம். 93லிருந்து 95 டிகிரி காட்டினால் எடுக்கலாம்.

தராசுமுள்:
வெப்பமானி இல்லாத காலத்தில் யாரும் பிரெட் சுடவில்லையா? சொல்லப்போனால் கிழங்கு சேர்ப்பதே மாவுத் தட்டுப்பாட்டுக் காலத்துப் பழக்கம். 1914இல் போர் தொடங்கியதும் ஜெர்மனியில் கம்பு கோதுமை இரண்டுக்கும் பஞ்சம், கிழங்கைக் கலந்து கே-பிராட் என்று சுட்டார்கள். நல்ல மாவு கையில் இருக்கும்போது எதற்கு இது?

நெய்விளக்கு:
தமிழில் கம்பு என்றால் வேறு தானியம் ஐயா, நீங்கள் சொல்வது ரை. பஞ்சத்துக்குச் சுட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் இன்றும் ஆசைப்பட்டுச் செய்கிறோம் என்றால் அந்த மென்மைக்காகத்தான். வேகும்போதே தண்ணீரைக் குடித்து வீங்கிய மாவுச்சத்து அதை எளிதில் விடாது, அதனால் மூன்றாம் நாளும் துண்டை மடித்தால் உடையாது. வெறும் மைதா பிரெட் அதற்குள் உதிர ஆரம்பித்திருக்கும்.

கல்சட்டி:
மூன்றாம் நாளா? நான் அன்றைக்கே ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். மறுநாள் எடுத்தால் கெட்டியாகிவிடுகிறது. உறை சரியாக மூடவில்லை, காய்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்திமல்லி:
காய்வதில்லை. காற்றுப் புகாமல் கட்டி வைத்தாலும் ஃபிரிட்ஜில் கெட்டியாகத்தான் ஆகும். அந்தக் குளிர்ச்சியில் மாவுச்சத்து மறுபடி படிகமாக இறுகுவது வேகமாக நடக்கும். டோஸ்டரில் போட்டால் திரும்ப மெத்தென்று ஆவதைப் பார்த்திருப்பீர்களே, சூட்டில் அந்த இறுக்கம் தளர்வதால்தான். வெளியில் வையுங்கள்.

தராசுமுள்:
ஈரப்பதம் அதிகமான பிரெட்டை வெளியில் வைக்கச் சொல்வது பொறுப்பில்லாத யோசனை. பூஞ்சை பிடிக்கும்.

அந்திமல்லி:
ஒரு வாரம் வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாளில் தின்றுவிடுவதை வெளியில் வையுங்கள். மிச்சத்தைத் துண்டு போட்டு ஃப்ரீசருக்குள் போடுங்கள். உறைந்துவிட்டால் இறுகுவதும் நின்றுவிடும், பூஞ்சையும் வராது. ஃபிரிட்ஜ் ரெண்டும் கெட்டான்.

தராசுமுள்:
வெளியில் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்பதைப் பொறுத்தது அது. பொத்தாம் பொதுவாகச் சொல்லாதீர்கள். ஃப்ரீசர் சரி, அதில் எனக்கு மறுப்பு இல்லை.

நுரைமணி:
இருவரும் வேறு இழை தொடங்கிப் பேசுங்கள், அவருக்கு நாளைக்குள் பிரெட் வேண்டும். புது_அடுப்பு, முதலில் எழுத விட்டது ஒன்று: இரண்டாவது முறை உப்பும்போது டின் விளிம்புக்கு மேலே ஒரு விரல் உயரம் வந்ததும் ஓவனுக்குள் வைத்துவிடுங்கள். கிழங்கு மாவு சீக்கிரம் உப்பும். அதிகம் விட்டால் உள்ளே போனதும் அமுங்கிவிடும்.

புது_அடுப்பு:
செய்தேன். கிழங்கு 150, கையால் மசித்தது. நடுவில் 94 காட்டியது. ஒட்டவில்லை, அடியில் அந்தத் திண்ணென்ற பகுதியும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் நீளமாக வெடித்திருக்கிறது. ஆட்கள் வந்துவிட்டார்கள், எல்லாருக்கும் மிக்க நன்றி.

நுரைமணி:
மிகவும் மகிழ்ச்சி. ஒரு பக்கம் வெடித்தது என்றால் இரண்டாவது உப்பல் கொஞ்சம் போதவில்லை என்று நினைக்கிறேன், அடுத்த தடவை இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். கடைசியில் பால் எவ்வளவு பிடித்தது?

கல்சட்டி:
எனக்கும் அந்தப் பால் அளவு வேண்டும், ஞாயிற்றுக்கிழமை செய்யப் போகிறேன்.

கல்சட்டி:
புது_அடுப்பு, இருக்கிறீர்களா?