மறு: ரோஸ்ட், இன்சல்ட் காமெடி என்னும் மேடை நகைச்சுவை வகைகளுக்குத் தமிழில் என்ன சொல்?

> ரோஸ்ட்டுக்கு 'வறுத்தெடுப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் வேறொன்றாகப் புரியும். 'அதிகாரிகளை வறுத்தெடுத்த நீதிபதி' என்று செய்தித்தாளில் படிக்கிறோம். அங்கே கோபம் நிஜம், வறுபடுகிறவர் சிரிப்பதில்லை. (வெறும் 'ரோஸ்ட்' என்று விட்டால் நெய் ரோஸ்ட்டா, பேப்பர் ரோஸ்ட்டா என்பார்கள்.)

முதலில் பொருளைப் பார்ப்போம். நியூயார்க்கின் ஃபிரையர்ஸ் கிளப் 1904இல் தொடங்கிய கலைஞர் சங்கம். அங்கே நடந்துவந்த ரோஸ்ட் ஒரு விருந்து. அன்றைய நாயகர் மேடையில் உட்கார்ந்திருப்பார். நண்பர்கள் ஒவ்வொருவராக எழுந்து மானத்தை வாங்குவார்கள். கடைசியில் மைக் அவர் கைக்கு வரும், வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுப்பார். நேசிப்பவர்களை மட்டுமே வறுப்போம் என்பது சங்கத்தின் வாசகம். அது ஒப்புக்குச் சொன்னதல்ல. 2002இல் நகைச்சுவை நடிகர் செவி சேஸை வறுத்தபோது பழைய நண்பர்கள் பலர் வரவில்லை, அவ்வளவாகப் பழக்கமில்லாதவர்களே ஏறி ஏசினார்கள். அதே மாதிரி வசனங்கள்தான். ஆனால் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்த மனிதருக்கு அது வலித்துவிட்டது.

இன்சல்ட் காமெடி, அதாவது எதிரே இருப்பவரைத் திட்டியே சிரிக்க வைப்பது, வேறு. அதில் விருந்தும் கிடையாது, முறையும் கிடையாது. எதிரே யார் அகப்பட்டாலும் சரி. அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் டான் ரிக்கிள்ஸ் (1926–2017) அதில் மன்னர். ஆனால் தான் செய்வது அவமதிப்பல்ல, மிகைப்படுத்தல் என்பதே அவர் கட்சி. மயாமி பீச்சில் ஒரு கிளப்பில் அவர் மேடையில் இருக்கையில் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா உள்ளே வருகிறார். அடிதடிக்குப் பேர்போனவர். ரிக்கிள்ஸ் சொன்னது: உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க ஃபிராங்க், யாரையாவது அடிங்க. முன்பாதி உபசாரம், பின்பாதி ஊரே முதுகுக்குப் பின்னால் பேசிய சங்கதி. சினாட்ரா சிரித்துவிட்டார், பிறகு தன் நண்பர்களையும் அழைத்துவந்து திட்டு வாங்க வைத்தார்.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். இன்சல்ட் காமெடிக்கு 'எள்ளல் நகை'. நகை பிறக்கும் நான்கில் தொல்காப்பியர் முதலில் வைப்பது எள்ளலைத்தான். 'வசை நகை' என்று ஒருவர் எழுதியிருந்தார், எனக்கு ஒப்பவில்லை. வசையில் சிரிப்பு கட்டாயமில்லை, ரிக்கிள்ஸே அந்தப் பெயரைத் தள்ளியிருப்பார்.

ரோஸ்ட்டுக்கு 'ஏசல்'. வள்ளியும் தெய்வானையும் மாறிமாறி ஏசிக்கொள்ளும் ஏசல் பாட்டு நம்மிடம் உண்டு. இருவரும் ஒரு வீட்டுக்காரர்கள். திருப்பிக் கொடுக்கும் உரிமை அந்தப் பாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது.

> யாழ்ப்பாணத்தில 'ஏசினவர்' எண்டால் கோபத்தில பேசினதுதான் விளங்கும்.

உண்மை, திருநெல்வேலிப் பக்கமும் அப்படித்தான். அதனால் தனியே விடாமல் 'ஏசல் விருந்து' என்போம். ஏச்சு வாங்குபவர் 'ஏசல் நாயகர்'. இன்னொரு வசதி, 'அவரை ஏசினார்கள்' என்னாமல் 'அவருக்கு ஏசல் விருந்து வைத்தார்கள்' என்று எழுதலாம். மரியாதை வேற்றுமை உருபிலேயே வந்துவிடுகிறது.

யூடியூபில் முன்பின் தெரியாதவரைக் கிழிக்கும் 'ரோஸ்ட் வீடியோ'வுக்கு இது பொருந்தாது. சம்மதமும் இல்லை, பதில் சொல்ல மைக்கும் இல்லை. அதற்கு 'கலாய்ப்பு' போதும். ஆட்சேபம் இல்லையென்றால் மூன்றையும் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.