வெளிநாட்டுல கம்மி செலவுல சாப்பிட்டு வெயிட்டைக் குறைச்ச அனுபவம்

வந்த முதல் எட்டு மாசத்துல ஏழு கிலோ ஏறிட்டேன். நல்லா சாப்பிட்டு ஏறுன வெயிட் இல்லைங்க அது. வேலை முடிஞ்சு ரூமுக்கு வர ராத்திரி ஒம்போது ஆயிடும், பசி கண்ணை மறைக்கும், ஃப்ரிட்ஜ்ல ஒண்ணும் இருக்காது, ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டு, கூட நாலு துண்டு பிரெட்டு, அவ்வளவுதான். காசு மிச்சம்னு நினைச்சேன், ஆனா அது வயித்துல நிக்காது, பதினோரு மணிக்கு மறுபடி பசிச்சு பிஸ்கட்டைப் பிரிப்பேன்.

கூட தங்கியிருந்த அண்ணன் ஒருத்தர்தான் ஒருநாள் சொன்னாரு, "தம்பி, பசி வந்தப்புறம் சமைக்க நினைக்காத, அப்போ கைக்குக் கிடைக்கிறதைத்தான் தின்ப"ன்னு. அதுலேர்ந்து சனிக்கிழமை ராத்திரி கொண்டைக்கடலையோ பயறோ ஊறப்போட்டுருவேன், ஞாயித்துக்கிழமை வேகவைச்சு டப்பா டப்பாவா ஃப்ரீசர்ல போயிடும். டின்ல வர்றதுல பாதிக்குக் கிட்ட தண்ணிதான், காய்ஞ்சதா வாங்கினா ஒரு கிலோ வெந்து ரெண்டு கிலோவுக்கு மேல வரும். 100 கிராம் காய்ஞ்ச கொண்டைக்கடலையில கிட்டத்தட்ட 20 கிராம் புரோட்டீன் இருக்கு, ஒரு முட்டையில 6 கிராம். இது ரெண்டும் இருந்தா ராத்திரி பிஸ்கட் ஞாபகமே வராது. காய்க்கு முட்டைக்கோஸ், கேரட், இல்லைன்னா ஃப்ரோசன் காய். ஃப்ரோசன்ல சத்து இல்லைன்னு ஒதுக்காதீங்க, பறிச்ச கொஞ்ச நேரத்துலயே உறைய வைக்கிறதால பெருசா ஒண்ணும் போறதில்ல.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும். ஸ்லோ குக்கர், அதாவது கம்மி சூட்டுல மணிக்கணக்கா வேகவைக்கிற கரண்ட் பாத்திரம், வாங்கின புதுசுல ராஜ்மாவை ஊறவைச்சு அப்படியே அதுல போட்டுட்டு வேலைக்குப் போயிட்டேன். வந்து பார்த்தா மேல மெத்துன்னுதான் இருந்துச்சு, கடிச்சா நடுவுல லேசா நறுக்குன்னுச்சு, பசியில கண்டுக்கல. ரெண்டு மணி நேரத்துல ஆரம்பிச்ச வாந்தி, விடிய விடிய பாத்ரூம்லயே கிடந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, வேகாத ராஜ்மாவுல ஒரு விஷத்தன்மை இருக்கு, ஸ்லோ குக்கர் சூடு அதுக்குப் பத்தாது. ஊறின தண்ணியைக் கொட்டிட்டு புதுத் தண்ணியில குறைஞ்சது பத்து நிமிஷம் தளதளன்னு கொதிக்கணும், நான் இப்போ அரை மணி நேரம் விடுறேன். தனியா இருக்கிற இடத்துல உடம்பு படுத்தினா தண்ணி எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லைங்க, அதனாலதான் இவ்வளவு சொல்றேன். அதே மாதிரி வடிச்ச சோத்தை ராத்திரி முழுக்க வெளிய வைக்காதீங்க, சீக்கிரம் ஆறவைச்சு ஃப்ரிட்ஜ்ல வைங்க, வெளிய இருந்தா அதுல கிருமி வளர்ந்து விஷத்தை உண்டாக்கும், மறுபடி சூடு பண்ணினாலும் அந்த விஷம் போகாது.

ஜிம்முக்கு நான் காசு கட்டல. வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம் வேகமா நடக்கிற மாதிரி உடற்பயிற்சி வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதனால ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடக்கிறேன், கூடவே ரூம்ல ஸ்குவாட், புஷ்-அப். மொதல்ல தரையில புஷ்-அப் வராம சுவத்தைப் புடிச்சுத்தான் எடுத்தேன், ரெண்டு மாசம் ஆச்சு தரைக்கு வர.

ஏறுன ஏழுல அஞ்சு கிலோ இறங்க பத்து மாசம் புடிச்சுது. நைட் ஷிஃப்ட் மாறுற வாரம் மட்டும் இன்னும் தடுமாறுது, தூக்கம் கெட்டா கை தானா இனிப்பைத் தேடுது. நைட் ஷிஃப்ட் பார்க்கிறவங்க அந்த நேரத்துக்கு என்ன எடுத்துட்டுப் போறீங்கன்னு எழுதுங்க.