சான்றிதழ்களா, அடங்கலா: கிராம நிர்வாக அலுவலர் எதை முதலில் எடுப்பது?

கேள்வி (புதிதாகப் பணியில் சேர்ந்தவர்)

காவிரிப் பாசனப் பகுதியில் கிராம நிர்வாக அலுவலராகப் பணியாற்றுகிறேன். மாதந்தோறும் புலங்களுக்குச் சென்று பயிரைப் பார்த்து அடங்கல் என்னும் பயிர்ப் பதிவேட்டில் ஏற்றுவதும், பசலி என்னும் வருவாய் ஆண்டு முடிவதற்குள் கணக்குகளைச் சரிசெய்து ஜமாபந்திக்கு (கிராமக் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கைக்கு) ஒப்படைப்பதும் என் பணியின் அடிப்படை என்பதை அறிவேன். ஆனால் காலையில் கதவைத் திறக்கும்போதே வருமானச் சான்று, பட்டா மாறுதல் என்று ஆட்கள் நிற்கிறார்கள். இ-சேவை மையம் வழியாக வந்த விண்ணப்பங்கள் கணினியில் தனியே குவிகின்றன. இதற்கிடையே வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஏதாவதோர் அறிக்கையை ‘உடனே’ கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிடுகிறது. எல்லாவற்றையும் முடித்து நிமிரும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. இப்படியே போனால், கிராம உதவியாளர் சொல்லச் சொல்ல அடங்கலை எழுதும் நிலைக்கு வந்துவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். மூத்தவர்கள் இதை எப்படி வரிசைப்படுத்துகிறீர்கள்?

மறுமொழி (ஓய்வு பெற்ற வருவாய் ஆய்வாளர்)

தம்பிக்கு வணக்கம். இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பார்ப்பதால்தான் உங்களுக்கு மலைப்பாக இருக்கிறது. வாசலில் நிற்பவர்களில் பலர் கேட்பதே அடங்கலைத்தான். சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாளாக இருக்கும்; அதற்கு முந்தைய வாரத்தில் ஊரே உங்கள் அலுவலகத்தில் திரளும். அறுவடை தொடங்கியதும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு அதே சான்றைக் கேட்டு மறுபடியும் வருவார்கள். அக்டோபரிலேயே புலத்தைப் பார்த்துப் பதிந்து வைத்திருப்பவர், பதிவேட்டைப் புரட்டிக் கையெழுத்திட்டு அனுப்பிவிடலாம். பார்க்காதவர், வருகிற ஒவ்வொருவரிடமும் எந்தப் புல எண், எத்தனை ஏர்ஸ் பரப்பு, நட்டதா விதைத்ததா என்று விசாரித்துக்கொண்டிருப்பார். நில உரிமையாளருக்கும் குத்தகைதாரருக்கும் தகராறு வந்தால், யார் பயிர் செய்தார் என்று சொல்ல அவர் கையில் எதுவும் இருக்காது.

இன்னொன்றையும் இப்போதே மனத்தில் வையுங்கள். ஜமாபந்தி பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில்தான் நடக்கிறது. பிளஸ் 2 தேர்வு முடிவு வருவதும் மே மாதத்தில்தான். முதல் பட்டதாரிச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று மூன்றும் ஒரே நேரத்தில் குவியும் காலம் அது. பசலி ஜூன் 30 வரை இருக்கிறதே என்று கணக்குகளை மே மாதத்துக்கு விட்டவர்கள் இரண்டு பக்கமும் பேச்சு வாங்குவார்கள். ஏப்ரல் முடிவதற்குள் அதுவரையிலான கணக்குகளை ஏற்றி முடித்துவிடுங்கள்.

நாள் முழுக்க வயலில் நிற்க வேண்டியதில்லை. கிராமத்தை வாய்க்கால் வாரியாகப் பிரித்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு காலைகள், ஒரு வாய்க்காலின் தலைப்பிலிருந்து கடைமடை வரை நடந்தால் போதும். புல எண், உட்பிரிவு, பயிர், அதன் நிலை, நீர் ஆதாரம் ஆகியவற்றை வரப்பிலேயே குறித்துக்கொள்ளுங்கள். புறம்போக்கில் புதிதாக வேலி முளைத்திருந்தால் அதுவும் அப்போதே கண்ணில் படும். ஆக்கிரமிப்பைப் பதிந்து அனுப்பும் பி மெமோவுக்கென்று தனியாக ஒரு நடை மிச்சம்.

மறுமொழி (மானாவாரிப் பகுதியில் பணிபுரிபவர்)

ஐயா சொல்வது டெல்டாவுக்குப் பொருந்தும். எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழையை நம்பி ஒரே பருவம்தான் விதைக்கிறோம் என்பதால் புலத்தில் வேலை அக்டோபர் முதல் பிப்ரவரி வரைதான் அடர்த்தியாக இருக்கும். மற்ற மாதங்களில் நான் விண்ணப்பங்களையே முதலில் எடுக்கிறேன். ஆனால் அவற்றை வந்த வரிசையில் முடிப்பதில்லை, நேரில் வந்து குரல் உயர்த்துபவருக்காக வரிசையை மாற்றுவதும் இல்லை. தாமதமானால் எந்த விண்ணப்பதாரருக்கு எந்தத் தேதியில் இழப்பு என்பதைப் பார்க்கிறேன். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் மாணவிக்கு முதல் பட்டதாரிச் சான்று கிடைக்காவிட்டால் கல்விக் கட்டணச் சலுகையே கைநழுவக்கூடும். வேறு தேவைக்காக வருமானச் சான்று கேட்பவர் பெரும்பாலும் அடுத்த வாரம் வரை பொறுப்பார். கணினியில் இரண்டும் ஒரே மாதிரியான இரண்டு வரிகளாகத்தான் தெரியும் என்பதால் விண்ணப்பதாரரைக் கைப்பேசியில் அழைத்து, எதற்காக, எந்தத் தேதிக்குள் என்று கேட்டுவிடுவேன். ஐயாவின் யோசனையில் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு: காலையில் அலுவலகம் பூட்டியிருந்தால் அன்றே மேலிடத்துக்குப் புகார் போய்விடும். எந்த நாள்களில் புலத்தணிக்கை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்பதைக் கதவில் எழுதி ஒட்டிவிட்டே கிளம்புங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. வாய்க்கால் வாரியாகப் பிரிக்கும் யோசனையை இந்த மாதமே தொடங்குகிறேன். ஆனால், ஐயா, அந்த ‘உடனே’ அறிக்கைகளை என்ன செய்வது? வரப்பில் நிற்கும்போதுதான் அவை வருகின்றன.

மறுமொழி (ஓய்வு பெற்ற வருவாய் ஆய்வாளர்)

அவற்றில் பெரும்பாலானவை ஒரே விவரத்தைத்தான் வேறு வேறு படிவங்களில் கேட்கின்றன: நீர்நிலைகளின் பரப்பு, புறம்போக்கு விவரம், ஆக்கிரமிப்புகள், மழையில் இடிந்த வீடுகள், பள்ளிக் கட்டடங்கள். இவற்றைத் தனிக் குறிப்பேட்டில் எழுதி, மாற்றம் வரும்போதெல்லாம் திருத்தி வாருங்கள். பாதி அறிக்கைகளுக்கு வரப்பில் நின்றபடியே பதில் சொல்லிவிடலாம். மீதிக்கு உங்கள் வருவாய் ஆய்வாளரை அழைத்து, எத்தனை மணிக்குள் வேண்டும் என்று நேரடியாகக் கேளுங்கள். நான் அந்த நாற்காலியில் இருந்தபோது அப்படிக் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் மாலை வரை அவகாசம் கொடுத்திருக்கிறேன். கேட்காதவர்கள்தான் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவார்கள்.